வலி போனதும் மாத்திரையை நிறுத்தலாமா?

நள்ளிரவில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கும். போர்வை உரசினாலே உயிர் போகும். கவுட் வலி அப்படித்தான். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். 'சரியாகிவிட்டது' என்று பலர் மாத்திரையை நிறுத்துவது அப்போதுதான்.

ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள் சேரலாம். வலி இல்லாத நாளிலும் அவை அங்கேயேதான் இருக்கும். அளவை 6-க்குக் கீழே வைத்திருந்தால் மெல்லக் கரையும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். அலோபியூரினால், ஃபெபுக்ஸோஸ்டாட் மாத்திரைகள் இதற்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், தொடங்கிய சில மாதங்களில் படிகம் கரையும்போதே வலி திரும்பலாம். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். அதைத் தடுக்கவே பலருக்கு டாக்டர்கள் கொல்சிசினும் சேர்த்துத் தருகிறார்கள். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் கதை வேறு. உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

சர்க்கரைக்கு இருப்பதுபோல யூரிக் அமிலத்துக்கும் வீட்டு மீட்டர் உண்டு. தினமும் விரலைக் குத்த வேண்டியதில்லை. ஒருமுறை லேப் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 5.5 காட்டினால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், தொடருங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.