கால் என்னும் சொல்



திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டுக்கு விடியுமுன் சென்று காய்கறி வாங்கி வருவது, ஓய்வு பெற்ற பின்னர் நான் மேற்கொண்ட வழக்கங்களுள் ஒன்று. அந்நேரத்தில் லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கிக் கொண்டிருக்கும். சுமை தூக்குவோர் வழி கேட்டுக் குரல் கொடுத்தவாறு விரைவர். அண்மையில் ஒருநாள், தரையிற் சாக்கு விரித்துக் கடை பரப்பியிருந்த மூதாட்டியார் ஒருவரிடம் கத்தரிக்காய் கால் கிலோ கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கால் கடுக்க நடந்து வந்து கால் கிலோவா கேக்குறீங்க, ஐயா?" என்றார்.

ஒரே தொடரில் இரண்டு கால்கள். முன்னது உறுப்பு, பின்னது அளவு. எழுத்தறியாத அம்மையார் எவ்விதத் தடுமாற்றமுமின்றி இரண்டையும் ஆண்டார். நானும் மயக்கமின்றிப் பொருள் கொண்டேன். இச்சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நான்கில் ஒரு பங்குக்குக் கால் என்னும் பெயர் எங்ஙனம் வந்தது? நாற்கால் விலங்கின் ஒரு கால் நான்கில் ஒன்று; ஆதலின் உறுப்பின் பெயர் எண்ணுக்காயிற்று என்பர் சிலர். வடமொழியில் 'பாதம்' என்பதற்கும் அடி, காற்பங்கு என்னும் இரு பொருளும் உண்டு. இஃது அவர்கள் கூற்றுக்குத் துணை செய்கிறது. நம் இலக்கண உரை மரபோ இதனைத் தலைகீழாகக் கொள்ளும். 'காலால் நடந்தான்' என்பதனை எண்ணலளவை ஆகுபெயருக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிற் கற்பித்தோம். உடம்பில் நான்கில் ஒரு பங்கு ஆகலின், எண்ணின் பெயர் உறுப்புக்கு ஆகி வந்தது என்பது அதன் விளக்கம். எண் முந்தியதா, உறுப்பு முந்தியதா என்னும் வழக்கு எவ்வாறு முடியினும், கன்னடத்திலும் மலையாளத்திலும் இச்சொல்லுக்கு இவ்விரு பொருளும் உள்ளன. ஆகவே இவ்வுறவு மிகப் பழையது என்று துணியலாம்.

காலைத் தலைமையாகக் கொண்டு பின்னங்களின் குடும்பமே ஒன்று இருந்தது. முக்கால், அரைக்கால், மாகாணி என்பன முறையே முக்காற் பங்கு, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று ஆகியவற்றைக் குறிக்கும். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணய முறை வந்ததும் நாலணா இருபத்தைந்து காசாயிற்று. ஆயினும் மக்கள் நெடுநாள் அதனை நாலணா என்றும் கால் ரூபாய் என்றுமே வழங்கினர். 2011ஆம் ஆண்டு சூன் திங்கள் முடிவோடு அந்நாணயமும் செலாவணியினின்று நீங்கியது. இன்று மின்தராசு 250 கிராம் என்று காட்டுகிறது; வாங்குவோர் வாயில் அது கால் கிலோவாகவே நிற்கிறது. அரைக்காலையும் மாகாணியையும் கேட்டால் மாணவர் விழிக்கின்றனர்.

மார்க்கெட்டிலிருந்து காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வோம். அங்கே கோயிலினுள் ஆயிரங்கால் மண்டபம் உள்ளது. இங்குக் கால் என்பது தூண். எண்ணிப் பார்த்தோர் 953 கற்றூண்கள் என்பர். 'ஆயிரம்' என்பது நிறைவு கருதி வழங்கும் பெயர். வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவுக்கு முன்னர் அங்கே முகூர்த்தக்கால் நடுவர். மணவீட்டில் நடும் பந்தற்காலும் இவ்வினத்ததே. உடலைத் தாங்குவது கால். கூரையைத் தாங்குவதும் கால். கட்டில், நாற்காலி முதலியவற்றின் கால்களும் அத்தகையனவே.

இனி நீருக்கு வருவோம். திருச்சி நகரின் ஊடே உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது. காவிரியிற் பிரியும் இவ்வாய்க்கால் முதலாம் இராசராசன் காலத்தது என்று கூறுவர். வாய்க்கால் என்னும் சொல்லில் வாய், கால் என இரண்டு உறுப்புப் பெயர்கள் உள்ளன. அவற்றை முன்பின்னாக மாற்றினாற் கால்வாய். ஆற்றுநீரை வாங்கும் மதகை வாய் என்றும், வயலை நோக்கி ஓடும் நீர்வழியைக் கால் என்றும் கொண்டால் மாணவர்க்கு இனிது விளங்கும்.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், காவிரிப் பாசனச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், 'கால் என்னும் சொல்லுக்கு இரு பொருள் தருக' என்று தேர்வில் வினவினேன். ஒரு மாணவன், 'உடல் உறுப்பு. வயலுக்குத் தண்ணீர் போகும் வழி' என்று எழுதியிருந்தான். நான் எதிர்பார்த்தது காற்பங்கு. இரண்டாம் விடையை அடித்துவிட்டேன். அவன் எழுந்து, "ஐயா, எங்க வயலுக்குக் கால்லதான் தண்ணி வருது. எங்கப்பா இப்பக் கால் வெட்டத்தான் போயிருக்காரு" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நானும் கலந்து கொண்டேன். அவன் கண் கலங்கி அமர்ந்தான்.

அன்று மாலை மனம் அமைதியுறாமல், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். கால் என்பதன் பொருள்களுள் வாய்க்காலும் இருந்தது. மறுநாள் வகுப்பில் அவனுக்குரிய மதிப்பெண்ணை வழங்கி, எல்லார் முன்னிலையிலும், "தவறு என்னுடையது, தம்பி" என்றேன். மதிப்பெண்ணை அவன் பெரிதாகக் கருதவில்லை. தன் தந்தையின் தொழிற்சொல் தமிழ்தான் என்பதே அவனுக்கு வேண்டியிருந்தது என்பதை அவன் முகம் காட்டிற்று. அதன் பின்னர், ஒரு சொல்லைத் தவறென்று அடிக்குமுன் 'இதனை எங்கே கேட்டாய்?' என்று வினவும் பழக்கம் எனக்கு வந்தது.

சங்கச் செய்யுட்களில் கால் என்பது காற்றையும் குறிக்கும். ஆடித் திங்களிற் காவிரிக் கரையில் நம்மைத் தள்ளும் காற்றும் இச்சொல்லின் உறவினதே. 'காலுதல்' என்னும் வினைக்கு வெளிவிடுதல் என்பது பொருள். 'ஒருகால்' என்பது ஒருமுறை என்றும் ஒருவேளை என்றும் பொருள்படும். 'வந்தக்கால்' என்றால் 'வந்தால்' என்பதாம். 'கா' என்று எழுதும்போது ககரத்தின் பக்கத்தில் இடும் குறியும் துணைக்கால் எனப்படும். கால் என்ற சொல்லை எழுதினால் அதற்குள்ளேயே ஒரு கால் நிற்பதைக் காணலாம்.

காலுக்கு வேறு பெயர்களும் பல. அடி, தாள், பாதம், கழல், சரணம் ஆகியவை நாமறிந்தவை. ஆயினும் ஒன்று நிற்குமிடத்தில் மற்றொன்று எப்போதும் நில்லாது. 'கழல் பணிந்தேன்' என்போம். 'கழல் வலிக்கிறது' என்று எவரும் சொல்லார். கழல் என்பது வீரர் காலில் அணிந்த அணி. ஆகுபெயராய் அணிந்த இடத்தைக் குறித்தது. பாதம் தரையிற் பதியும் பகுதி மட்டுமே; காலோ தொடை முதல் விரல் வரை அனைத்தையும் அடக்கும். முழங்கால், கணுக்கால், குதிகால் என்பன அதன் பகுதிகள். தாள் என்பது பயிரின் தண்டு, முயற்சியும் தாளே. அடி என்பது பன்னிரண்டு அங்குலம். செய்யுளின் வரியும் அடியே. ஆங்கிலேயரும் பாதத்தின் பெயரை நீட்டலளவைக்கும் செய்யுளுக்கும் வழங்குவர்; எனினும் அவர்களது செய்யுட் பாதம் நம் சீருக்கு நிகரானது, அடிக்கு நிகரன்று.

மீண்டும் காந்தி மார்க்கெட்டுக்கு வருவோம். வீட்டில் நாங்கள் இருவர்தாம், கால் கிலோ போதும் என்று அந்த அம்மையாரிடம் கூறினேன். அவர் நிறுத்துப் பையிலிட்டு, மேலும் இரண்டு காய்களைக் கொசுறாகப் போட்டார். "எங்க வீட்டுல ஆறு பேரு. கால் வயித்துக் கஞ்சியா இருந்தாலும் எல்லாருக்கும் ஊத்தணும்ல, ஐயா" என்றார். மூன்றாம் கால் அது. நீட்டியிருந்த தம் கால்களைத் தேய்த்துக்கொண்டே அவர் அதைச் சொன்னார். அளவும் உறுப்பும் பசியும் அந்த ஒரு சொல்லில் நின்றன.

அகராதியில் அதன் பொருள்களை வரிசையாகக் காணலாம். அவற்றுள் எது எங்கே உயிரோடு வழங்குகிறது என்பதை அறியச் சந்தைக்கும் வயலுக்கும் நடந்துதான் ஆகவேண்டும். அதற்கும் கால்தான் வேண்டும்.