மூன்றாமவர் தரும் சான்று

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் தம் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். வங்கியின் பக்கத்தைத் திறந்தால், பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கை வருகிறதாம். “இதைத் தாண்டி உள்ளே போக வழியில்லையா, சார்?” என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். அதில் தேதி நான்கு ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. பேட்டரி இறங்கி வெகுநாள் பெட்டியில் கிடந்த தொலைபேசியாம் அது. தேதியைத் திருத்தினேன், எச்சரிக்கை மறைந்தது.

தேதிக்கும் வங்கிக்கும் என்ன தொடர்பு?

பிள்ளையின் பிறப்புப் பத்திர நகலை ஓர் அலுவலகத்தில் கொடுக்கிறோம். அங்குள்ள குமாஸ்தாவுக்கு நம் பிள்ளையைத் தெரியாது. ஆயினும் நகலில் தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார். நம் சொல்லை அல்ல, மூன்றாமவர் ஒருவரின் சொல்லை அவர் நம்புகிறார். கணினி உலகிலும் இதே முறைதான். வங்கியின் கணினி, தொடர்பு கொண்டவுடன் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் பெயர், செல்லுபடியாகும் தொடக்க நாள், முடிவு நாள், வழங்கிய நிறுவனத்தின் மின்கையொப்பம் ஆகியவை இருக்கும். நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியல் நம் தொலைபேசியிலேயே முன்கூட்டி வைக்கப்பட்டுள்ளது. தொலைபேசி இவை அனைத்தையும் ஒத்துப் பார்க்கிறது. அந்தத் தாயாரின் தொலைபேசிக் கணக்குப்படி, சான்றிதழ் தொடங்கும் நாளே இன்னும் வரவில்லை! அதனால்தான் மறுத்தது.

இனி, சற்றுப் பெரிய இடத்துக்குப் போவோம். நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இன்று நகரத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறார்கள். “என்னதான் வேலை?” என்று கேட்கும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன். ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் தனித்தனிக் கதவுகளோடு வாழும் லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய கணினிக்குள்ளும் அப்படிப் பல கணினிகளைக் குடிவைக்கலாம். இவற்றுக்கு மெய்நிகர் கணினிகள் என்று பெயர். இவற்றை மேய்க்கும் மண்டோர் ஒரு மென்பொருள். வி.எம்.வேர் நிறுவனத்தின் வி-சென்டர் அத்தகைய ஒன்று. மண்டோரின் கட்டளையில் எல்லாம் நடப்பதால், மண்டோர் உண்மையானவர்தானா என்பது பெரிய கேள்வி.

2015-இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் இந்த மென்பொருள் தன் சான்றிதழைத் தானே எழுதிக்கொள்ள வல்லது. தன் நகலில் தானே முத்திரை குத்திக்கொள்வது போல! உலாவி அதை ஏற்காமல் எச்சரிக்கிறது. ஆகவே வெளி நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிப் பொருத்துகிறார்கள். பொருத்திய பின்னும் தகராறு வருவதுண்டு. அப்போது எங்கே தேடுவது?

முதலில் தேதி. அடுத்தது பெயர். வீட்டில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் ஒரு பெயர் என்று அலைந்த கதை நம்மிடையே எத்தனை! சான்றிதழில் கணினியின் முழுப்பெயர் இருக்க, பணியாளர் சுருக்கப்பெயரையோ வெறும் எண்ணையோ தட்டினால் பொருந்தாது. அதிகம் தடுமாற வைப்பது மூன்றாவது. தலைமை நிறுவனம் நேரே கையொப்பமிடுவதில்லை. இடையில் ஒரு கிளை நிறுவனம் இருக்கும். அந்த இடைச் சான்றிதழையும் சேர்த்து வைக்க வேண்டும். மறந்துவிட்டால், முன்பே அதைக் கண்டிருந்த ஒரு கணினி திறந்துவிடும். பக்கத்து மேசைக் கணினி மறுத்துவிடும். ஆளுக்கொரு பதில் வருகிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சில சமயம் சான்றிதழும் அதற்குரிய இரகசியச் சாவியும் ஒன்றுக்கொன்று ஜோடி சேராமல் போவதும் உண்டு.

இன்னொன்றும் உள்ளது. நகல் எடுத்துவைக்கும் மென்பொருள் போன்றவை பழைய சான்றிதழின் அடையாளத்தை நினைவில் வைத்திருக்கும். அந்த அடையாளத்துக்குப் பெயரே ‘பெருவிரல் ரேகை’தான்! சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்த நம் பாட்டனாருக்கு இது நன்றாகப் புரிந்திருக்கும். சான்றிதழ் மாறினால் ரேகையும் மாறும். புதியதை அவற்றுக்கு மீண்டும் அறிமுகப்படுத்த வேண்டும்.

இதற்கிடையில் காலக்கெடுவும் சுருங்கி வருகிறது. 2020 செப்டம்பர் முதல், பொதுமக்கள் உலாவிகள் ஏற்கும் புதிய சான்றிதழ்களுக்கு 398 நாட்களே உச்சவரம்பாயின. 2029-க்குள் அதைப் படிப்படியாக 47 நாட்களாகக் குறைக்க 2025-இல் முடிவெடுத்துள்ளனர். கையால் புதுப்பிக்கும் அலுவலகங்களுக்கு இனிப் பெரும்பாடுதான்.

சரி, முத்திரை வைப்பவரே ஏமாந்தால்? 2011-இல் அது நடந்தது. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துள் ஊடுருவியவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டார்கள். கூகுள் பெயரிலும் ஒன்று இருந்தது. அதைக் காட்டி ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சல் தொடர்புகளை இடைமறித்தார்கள். கூகுளின் உண்மைச் சான்றிதழ்களை முன்பே அறிந்திருந்த குரோம் உலாவி மட்டும் எச்சரித்தது. அங்கிருந்த ஒருவர், ஆகஸ்டு மாத இறுதியில், அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாமல், இது என்னவென்று கூகுளிடமே கேட்டார். அப்படித்தான் குட்டு வெளிப்பட்டது. உலாவிகள் அந்நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கின. செப்டம்பரில் அது திவாலாயிற்று.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சான்றிதழ் சரியாக இருந்தால், அந்தப் பெயருள்ள பக்கத்தோடுதான் பேசுகிறோம் என்பது உறுதி. அந்தப் பெயருக்குரியவர் யோக்கியர் என்பதற்கு அது உறுதியாகாது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு, அதற்கு முறையான சான்றிதழும் வாங்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே எச்சரிக்கை வராதபோதும் மேலே உள்ள முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எச்சரிக்கை வந்தால் தொலைபேசியின் தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை நீங்காவிட்டால், கடவுச்சொல்லைத் தட்டாமல், வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.