சான்று காட்டும் முறை: கால்நடை மருத்துவ இதழ்களை முன்வைத்து

தமிழாய்வில் ஈடுபட்டோர் அடிக்குறிப்பு இட்டுப் பழகியவர்கள். ஒரு நூலை முதன்முறை சுட்டுங்கால் ஆசிரியர், நூல், பக்கம் ஆகியவற்றைத் தருவோம். அடுத்த முறை 'மேலது' என்றெழுதி அமைவோம். இந்தப் பழக்கத்தோடு கால்நடை மருத்துவக் கட்டுரை ஒன்றின் துணைநூற்பட்டியலைத் திருத்தப் புகுந்தபோது அடைந்த திகைப்பே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

என் தமக்கையின் மகன் கால்நடை மருத்துவத்தில் முதுகலை பயில்பவன். வெள்ளாடுகளின் குடற்புழு நீக்கம் பற்றிய அவனது கட்டுரையை இதழொன்று திருப்பியனுப்பியிருந்தது. "மாமா, ஆய்வில் குறையில்லையாம், சான்றுகளைத்தான் திருத்தச் சொல்கிறார்கள். நீங்கள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு அடிக்குறிப்பாக எழுதிக் குவித்தவராயிற்றே" என்று தாள்களை என் முன் வைத்தான். புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியதற்கா ஒரு கட்டுரையைத் திருப்புவது என்றே நானும் முதலில் எண்ணினேன்.

அறிவியல் இதழ்களில் சான்று காட்டும் முறைகள் பலவாயினும் அவற்றைப் பெரும்பாலும் இரண்டில் அடக்கிவிடலாம். ஒன்று பெயர்-ஆண்டு முறை. இதனை ஹார்வர்டு முறை என வழங்குவர். அப்பல்கலைக்கழகத்தின் விலங்கியலறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881இல் நத்தையினத்தைச் சேர்ந்த ஓடில்லா உயிரொன்றைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பிறை அடைப்புக்குள் தந்ததே இதன் தொடக்கம் என்பர். விலங்குகளை ஆய்ந்தவர் கண்ட முறை கால்நடை மருத்துவத்திற்கு உரியதாவது பொருத்தமே. மற்றொன்று எண் முறை. 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் வகுத்ததாதலின் இது வான்கூவர் முறை எனப்படுகிறது. முன்னதில் பட்டியல் அகரவரிசையில் அமையும். ஓராசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரை எழுதியிருப்பின் 2004அ, 2004ஆ எனப் பிரித்துக் காட்டுவர். பின்னதில் கட்டுரையில் எது முதலில் சுட்டப்படுகிறதோ அதுவே 1 என எண் பெறும்.

எண் முறை இடத்தைச் சுருக்கும். ஆனால் ஏமாற்றவும் செய்யும். மருமகனின் கட்டுரையில் நேர்ந்தது அதுவே. இறுதி நேரத்தில் நான்காம் சான்றுக்குப் பின் புதிதாக ஒன்றைப் பட்டியலில் செருகியவன், கட்டுரைக்குள் இருந்த எண்களை மாற்ற மறந்துவிட்டான். வெள்ளாட்டுக்குரிய மருந்தளவைக் கூறும் தொடரின் இறுதியில் நின்ற 9 என்னும் எண், இப்போது செம்மறியாடு பற்றிய கட்டுரையைச் சுட்டி நின்றது. வெள்ளாடு பல குடற்புழு மருந்துகளைச் செம்மறியைவிட விரைவாகச் சிதைத்து உடலினின்று வெளியேற்றிவிடும். செம்மறிக்குரிய அளவு வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் போதாது. போதாத அளவைத் தொடர்ந்து கொடுத்துவரின், மருந்துக்கு மசியாத புழுக்களே எஞ்சிப் பெருகும். எண்ணைப் பின்பற்றிச் செல்லும் ஒரு மருத்துவர் எதைப் படித்து எதைக் கொடுப்பார் என்று மருமகன் விளக்கியபோதுதான், திருப்பியனுப்பிய இதழாசிரியர்மீது எனக்கிருந்த மனத்தாங்கல் நீங்கிற்று.

ஒரு சான்றின் உறுப்புகளை மெய்யான கட்டுரையொன்றைக் கொண்டே காண்போம். பாகிஸ்தானில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்குக் கால்நடைகளுக்கு வலிநீக்கியாகக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் மருந்தின் எச்சமே காரணம் என நிறுவிய கட்டுரை 2004இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கைத் தடைசெய்ததற்கு அடிப்படையாக அமைந்த ஆய்வு அது. பெயர்-ஆண்டு முறையில், கட்டுரையினுள்ளே 'ஓக்ஸ் மற்றும் பிறர், 2004' என்றிருந்தால் போதும். பட்டியலிலோ ஆசிரியர்கள், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி 427, பக்கம் 630-633 என யாவும் வரல்வேண்டும். அதன் ஆசிரியர்கள் பதின்மூவர். சில இதழ்கள் பதின்மூவரையும் கேட்கும். வான்கூவர் முறையைத் தழுவியவை பொதுவாக முதல் அறுவரோடு நிறுத்தி 'மற்றும் பிறர்' என்னும் பொருள்தரும் இலத்தீன் தொடரைச் சேர்க்கச் சொல்லும். இதழ்ப்பெயரைச் சுருக்குவதற்கும் விதியுண்டு. 1924இல் தொடங்கப்பெற்ற 'இந்தியன் வெட்டரினரி ஜர்னல்', 'இந்தியன் வெட். ஜே.' எனச் சுருங்கும். 'நேச்சர்' போன்ற ஒற்றைச்சொற் பெயர் சுருங்காது. எந்த இதழுக்கு அனுப்புகிறோமோ அவ்விதழின் வழிகாட்டுக் குறிப்பை முதலிற் படித்துவிடின் இவற்றில் ஐயமிராது.

ஐயம் மிகுதியும் எழுவது பெயர்களில்தான். நம்மவர் கருத்தூன்ற வேண்டிய இடமும் அதுவே. மேலைநாட்டார் குடும்பப் பெயரை முன்னிறுத்தி மற்றதை முதலெழுத்தாக்குவர். அப்பதின்மூவருள் சகீல் அகமது என்பார் ஒருவர். அகமது அலி என்பார் மற்றொருவர். பட்டியலில் முன்னவர் 'அகமது, ச.' ஆகிறார், பின்னவர் 'அலி, அ.' ஆகிறார். ஒருவரிடத்துத் தலைமையேற்ற சொல் மற்றவரிடத்து ஓரெழுத்தாய்க் குறுகிவிட்டது. அப்துல் காதர் என்னும் பெயரோ 'காதர், அ.' என உடைபடுகிறது. 'அப்துல்' என்பது 'இன்னாரின் அடியான்' என அடுத்த சொல்லை அவாவி நிற்பது. பேராற்றலுடையோனின் அடியான் என்னும் பெயரை உடைத்து, அடிமையை ஓரெழுத்தாக்கி ஆண்டவனின் பண்பை மனிதனுக்குப் பெயராக்குவது எவ்வாற்றானும் பொருந்தாது. 'அப்துல் காதர்' என இருசொல்லையும் சேர்த்தே எழுதவேண்டும். தமிழ்ப்பெயர்க்கும் இடர் உண்டு. ச. முருகேசன் என்பார் கடவுச்சீட்டுக்காக 'முருகேசன் சண்முகம்' என்றெழுதிவிட்டால், அவர்தம் ஆய்வெல்லாம் 'சண்முகம், மு.' என்று தந்தையின் கணக்கில் ஏறிவிடும். மாணவர்கள் தம் முதற்கட்டுரையிலேயே பெயரை ஒரே வடிவில் நிலைப்படுத்திக் கொள்வது நன்று. 2012 முதல் ஆய்வாளர்க்கு வழங்கப்படும் 'ஆர்க்கிட்' என்னும் பதினாறு இலக்க அடையாள எண்ணும் இக்குழப்பத்தைத் தீர்க்க வந்ததே.

இனி, பிறர் பட்டியலைப் பார்த்து எழுதும் வழக்கம். சிம்கின், ராய்சவுத்ரி என்னும் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற கட்டுரையொன்றை ஏறத்தாழ 4,300 பேர் சான்று காட்டியிருக்க, அவற்றுள் 196 இடங்களில் தொகுதி, பக்கம், ஆண்டு ஆகியவற்றுள் பிழையிருக்கக் கண்டனர். ஆயினும் வேறுவேறான பிழைகள் 45 மட்டுமே. ஒரே பக்க எண் பிழை 78 முறை வந்திருந்தது. 78 பேரும் தனித்தனியே அதே இடத்தில் தவறினர் என்பது நம்பத்தக்கதன்று. மூலத்தைத் திறவாமலே ஒருவர் பட்டியலை மற்றொருவர் படியெடுத்தனர் என்பதே அவர்தம் முடிபு. இன்று கணினி மென்பொருள் நொடியில் பட்டியலிட்டுத் தருகிறது. அஃது உள்ளிட்ட பிழையையும் அழகாக அடுக்கித் தரும். டி.ஓ.ஐ. எனப்படும், 10 என்று தொடங்கும் அடையாள எண்ணைக் கொண்டு மூலக்கட்டுரையைத் திறந்து ஒப்பிடுவதே தக்க வழி. மூலம் கிடைக்காதவழி, எவர் கட்டுரையில் கண்டோம் என்பதை வெளிப்படையாகச் சொல்வது முறை. மருந்தளவைப் பொறுத்தவரை அதையும் நான் ஒப்பமாட்டேன்.

மருமகனும் நானும் இரண்டு இரவுகள் அமர்ந்தோம். அவன் மூலத்தைத் திறந்து பக்க எண் சொல்ல, நான் தாளில் சரிபார்த்தேன். முப்பத்தொரு சான்றுகளில் ஐந்தில் ஆண்டு பிழைபட்டிருந்தது. ஒன்றில் ஆசிரியர் பெயரே வேறு. இரண்டு கட்டுரைகளின் மூலம் எங்குத் தேடியும் அகப்படவில்லை. அவ்விரண்டையும், அவற்றை நம்பி எழுதிய மூன்று தொடர்களையும் அவனே அடித்துவிட்டு, எஞ்சியவற்றுக்கு முதலிலிருந்து எண்ணிடத் தொடங்கினான்.