வதந்தி விட்டுச் சென்ற வடு

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. அந்த ஊர் வாய் இன்று கைத்தொலைபேசி உருவில் வீடுதோறும் குடிபுகுந்திருக்கிறது. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் அரசியல் வதந்தி கணப்பொழுதில் பரவிவிடுகிறது. அதன் விளைவோ தலைமுறை தாண்டியும் நிலைக்கிறது.

இதற்கு நமது வன்னி நிலமே சான்று. 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்தில் பொலீசாருக்கும் பொதுமக்களுக்கும் மோதல் மூண்டது. அங்கே சிங்களவர்கள் கொல்லப்படுகிறார்கள் என்ற பொய், தென்னிலங்கையெங்கும் வாய்க்கு வாய் பரவிற்று. முன்பே புகைந்துகொண்டிருந்த பகைமையை அந்தப் பொய் ஊதிவிட்டது. யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் கண்டிராத மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் கூடத் தாக்கப்பட்டனர். உயிர் தப்பியவர்களில் ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறினர். வதந்தி சில வாரங்களில் அடங்கியது. அது வேரோடு பெயர்த்த குடும்பங்களோ இங்கேயே தங்கிவிட்டன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நம் பிள்ளைகளோடு படிக்கிறார்கள்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தும் நாடு பாடம் கற்கவில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில், உணவில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்படுவதாக ஒரு கூட்டம் குற்றஞ்சாட்டியது. சிங்களம் நன்கறியாத கடைக்காரர் மிரட்சியில் ஆமென்று சொல்லிய காட்சி படமாக்கப்பட்டு முகநூலில் பரவிற்று. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது, உணவில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தில் வேறொரு காரணத்தால் வன்முறை மூண்டபோது, இத்தகைய கதைகளே எரிகிற நெருப்பில் எண்ணெயாயின. அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்து, சமூக ஊடகங்களையும் தற்காலிகமாக முடக்க நேர்ந்தது.

வதந்தியைப் புனைபவன் ஒருவனே. அதைச் சுமந்து செல்பவர்களோ பெரும்பாலும் நல்லவர்கள்! “உறவினர் எச்சரிக்கையாக இருக்கட்டும்” என்ற அக்கறையால் தாயும், “எனக்கு முதலில் தெரியும்” என்ற பெருமிதத்தால் மாணவனும் அதை அனுப்புகிறார்கள். அறிந்தவரிடமிருந்து வருவதால் பெறுகிறவரும் ஐயமின்றி நம்புகிறார்.

ஆகவே ஒரு செய்தி உள்ளத்தைக் கொதிக்கச் செய்கிறதா? அப்போதுதான் விரலை அடக்கவேண்டும். சொன்னவர் யார், நேரில் கண்டவர் யார், படம் எந்த ஆண்டில் எங்கே எடுக்கப்பட்டது என்று வீட்டிலுள்ளோர் கூடி வினவலாம். விடை கிடைக்கும்வரை அச்செய்தி நம் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியதில்லை.