ருஃபைதாவின் கூடாரமும் நாம் மறந்த நன்றியும்

அடியார்களுக்கு நன்றி காட்டத் தவறியவன் படைத்தவனுக்கும் நன்றி காட்டியவன் ஆகமாட்டான் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் தம் உம்மத்துக்குக் கற்பித்த நெறியாகும். நோயை நீக்குபவன் அல்லாஹ் ஒருவனே. ஆயினும், அவன் தன் ஷிஃபாவை மனிதக் கரங்களின் வழியாகவே நமக்கு அனுப்புகின்றான். அக்கரங்களுள் அறுவை செய்த மருத்துவரின் கரத்தை நாம் மறப்பதில்லை. பழக்கூடையோடு சென்று கண்டு வருகின்றோம். கட்டு மாற்றி, மருந்திட்டு, நள்ளிரவிலும் வலியை விசாரித்த தாதியின் கரத்தையோ, வீடு திரும்பும் அவசரத்தில் மறந்துவிடுகின்றோம்.

கண் மருத்துவத்தால் உலகறிந்த ஊர் நம் மதுரை. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர் அவர், 2006இல் மறைந்தார். இவ்வரலாற்றை அறிந்தோர் பலர். ஆனால், அங்கே அறுவை மேசையின் அருகே நிற்கும் பெண்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சிற்றூர்களில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்களைத் தேர்ந்து, இரண்டாண்டுப் பயிற்சி அளித்துப் பணியில் அமர்த்துவது அம்மருத்துவமனையின் வழக்கம். கண்ணில் சொட்டு மருந்திடுவதும், எந்தக் கண்ணில் அறுவை என்பதைச் சரிபார்ப்பதும், கருவிகளை எடுத்துக் கொடுப்பதும் அவர்களே. ஓர் அறுவை முடியும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியை ஆயத்தப்படுத்தி வைப்பவர்களும் அவர்களே. மருத்துவரின் வேகத்துக்குப் பின்னே இவர்களின் உழைப்பு நிற்கின்றது.

கண்புரை அறுவையில் பெரும்பாலும் முழு மயக்கம் தருவதில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வர். நோயாளி விழித்திருப்பார், அச்சமும் விழித்திருக்கும். மேலூர்ப் பக்கம் வாழும் என் பெரியம்மா எழுபது வயதைக் கடந்தவர். மதுரையில் அவருக்குக் கண்புரை அறுவை நடந்தபோது, முகத்தை மூடிய துணிக்குள் நடுங்கியவாறே உரத்துக் கலிமா ஓதத் தொடங்கிவிட்டார். தலை அசையலாகாதே! அருகில் நின்ற இளந்தாதி அதட்டவில்லை. "பாட்டி, மனசுக்குள்ள ஓதுங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று கூறி, இறுதிவரை அவர் கையை விடாதிருந்தார். அவர் வேற்றுச் சமயத்துப் பெண். இன்றும் பெரியம்மா ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் துஆவுக்குக் கையேந்தும்போது, "கண்ணைத் திறந்த டாக்டருக்கும், கையைப் பிடிச்ச பிள்ளைக்கும்" என்று சேர்த்தே கேட்கின்றார். அப்பிள்ளையின் பெயரைக் கேளாமல் வந்துவிட்டோமே என்பதுதான் அவருடைய மனக்குறை.

இந்தப் பணிக்கு இஸ்லாம் அளித்த மதிப்பை அறிய மதீனாவுக்குச் செல்ல வேண்டும். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. அஸ்லம் குலத்துப் பெண்மணியான ருஃபைதா (ரலி) காயமுற்றோருக்கு மருந்திடும் பணியில் ஈடுபட்டிருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்த அவர்களின் கூடாரத்திலேயே ஸஅத் (ரலி) அவர்களைச் சேர்க்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காலையும் மாலையும் நலம் விசாரித்தும் வந்தார்கள். ஆம், தொழுகை நடைபெற்ற அந்தப் புனித இடத்திலேயே ஒரு பெண்ணின் மருத்துவக் கூடாரமும் இருந்தது! ஸஅத் (ரலி) அக்காயத்தாலேயே பின்னர் மறைந்தார்கள். ஆயினும் ருஃபைதா (ரலி) அவர்களின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. உயிர் பிழைப்பது இறைவன் நாட்டம். பரிவு காட்டுவது அடியாரின் கடமை. நாயகத்தோடு ஏழு போர்களுக்குச் சென்று, உணவு சமைத்தும் காயங்களுக்கு மருந்திட்டும் தொண்டாற்றிய உம்மு அதிய்யா (ரலி) அவர்களையும் இங்கே நினைவுகூர்தல் தகும்.

அருமைச் சகோதரர்களே! சற்றே சிந்தியுங்கள். நம் இல்லத்துப் பெண்கள் மருத்துவமனையில் படுக்கும்போது, "பெண் தாதி வேண்டும்" என்று நாம் கேட்கின்றோம். கேட்பது முறையே. ஆனால், நம் மகளே அப்படிப்பை விரும்பினால், இரவு வேலை என்கின்றோம். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று தயங்குகின்றோம். பிறர் வீட்டுப் பெண் நமக்காகக் கண்விழிக்கலாம். நம் வீட்டுப் பெண் பிறருக்காகக் கண்விழிக்கலாகாது என்பது என்ன நீதி? ஆடை ஒழுக்கமும் பாதுகாப்பும் உள்ள இடத்தைத் தேடித் தருவது தந்தையின் பொறுப்பு. ஸஹாபிப் பெண்கள் நடந்த பாதையையே அடைத்துவிடுவது பேணுதல் ஆகாது.

நன்றி சொல்வதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. தாதியின் பெயரைக் கேட்டறியுங்கள். அவருடைய மேலதிகாரியின் முன் நிறுத்தி ஒரு நல்ல சொல் கூறுங்கள். அவர் எச்சமயத்தவராயினும், நற்கூலியும் நல்வழியும் நல்வாழ்வும் அவருக்குக் கிடைக்கத் துஆச் செய்யுங்கள். உபகாரத்துக்கு ஈடு செய்ய இயலாதவர், ஈடாயிற்று என்று மனம் நிறையும்வரை துஆச் செய்யட்டும் என்பதன்றோ நபிவழி!

நோயுற்ற நம்மவர்க்கு நிறைந்த ஷிஃபாவையும், அவர்களுக்காகக் கண்விழிப்போர்க்கு ஈருலக நன்மையையும், நன்றி மறவா நெஞ்சை நமக்கும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.