வாசலில் ஒரு கடை, பின்கட்டில் ஒரு கிரைண்டர்

"என் வீடு, என் கிரைண்டர். நான் மாவு அரைத்து விற்றால் சர்க்காருக்கு என்ன வந்தது?" என்று கேட்டார் எங்கள் தெரு அக்கா ஒருவர். நியாயமான கேள்விதான். அதே தெருவில் எதிர்ச்சாரியில் ஒரு பெண், இரண்டு மாதக் கைக்குழந்தைக்காரி. "என் வீட்டுக்குள்ளே நான் கண்ணை மூடித் தூங்கக்கூடாதா?" என்று அவள் கேட்டாள். அதுவும் நியாயமான கேள்விதான். இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில் வந்து நிற்கிற சமாசாரத்துக்குத்தான் 'நில உபயோக விதி' என்று பெயர். பெயரைக் கேட்டதும் இது என்னவோ ஆண்கள் பார்க்க வேண்டிய ஆபீஸ் விவகாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்க நினைக்கும் நமக்குத்தான் இது ரொம்ப அவசியம்.

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டியில். ஒரு பக்கம் கல்கத்தா ரோடு, ஒரு பக்கம் ரயில், நடுவில் சிப்காட். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற ஊர் இது; இப்போது இந்தியும் ஒரியாவும் சேர்ந்துகொண்டன. மூன்று ஷிப்டுக்கும் ஆட்கள் போய் வந்தபடி இருப்பார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்குகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு வேண்டாமா? அதனால்தான் எங்கள் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு வியாபாரம். ஒரு வீட்டில் இட்லி மாவு, ஒரு வீட்டில் மெஸ், இன்னொன்றில் தையல், அடுத்ததில் ஜெராக்ஸ்.

இது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். அந்தச் சத்தத்திலேயே பிள்ளை வளரும், படிக்கும், கல்யாணமும் ஆகும். வீடு வேறு, தொழில் வேறு என்று நம் பெரியவர்கள் கோடு போட்டுப் பிரித்ததில்லை.

பின்னே ஏன் இப்போது கோடு? காரணம் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த இரவை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தொழிற்சாலையின் சுவருக்கு எதிரிலேயே ஜெயப்பிரகாஷ் நகர் என்ற ஏழைக் குடியிருப்பு இருந்தது. தூக்கத்திலேயே போனவர்கள் எத்தனை பேர்! அவ்வளவு தூரம் ஏன்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். ஆலையும் அடுப்பும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் கோடு போட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1916-லேயே ஊர் முழுமைக்கும் இப்படி விதி செய்தது. நம் தமிழ்நாட்டில் இதற்கென்று இருப்பது 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம்.

இந்தச் சட்டப்படி திட்டம் போட்ட இடங்களில் நிலத்தைப் பல வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று போகும். ஆதாரக் குடியிருப்பு என்றால் பெரும்பாலும் வீடுகள் மட்டும். கலப்புக் குடியிருப்பில் வீட்டோடு கடை கண்ணிக்கும் இடம் கூடுதல். 2019-லிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே கட்டட விதித் தொகுப்பு வந்திருக்கிறது.

இங்கேதான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 'குடியிருப்பு' என்று எழுதியிருந்தால் ஒரு கடையும் கூடாது என்று அர்த்தமில்லை. சென்னைப் பெருநகர விதிகளில், வீடுகளுக்கென்றே ஒதுக்கிய பகுதியிலும் மளிகை, பால், பத்திரிகை விற்கும் சின்னக் கடை, சைக்கிள் ரிப்பேர், ஒரே ஆள் தைக்கும் தையல் கடை இதெல்லாம் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இடம் பெற்றவை. 'ஒரே ஆள்' என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? நீங்கள் ஒரு மெஷினில் தைத்தால் அது பிழைப்பு. நாலு பெண்களை உட்கார வைத்துத் தைத்தால் அது தொழிற்கூடம் ஆகிவிடும், கேள்வியும் வந்துவிடும். நாலு பெண்கள் சேர்ந்து முன்னுக்கு வருவதை ஊக்குவிக்கிறோம் என்று மேடையில் பேசுகிறவர்கள், இந்த 'ஒரே ஆளை' ரெண்டு, மூன்று ஆளாகவாவது ஆக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, மாவுக்கார அக்கா கதைக்கு வருகிறேன். கணவர் இறந்து ஆறு வருஷம். இரண்டு பெண் பிள்ளைகள். பெரிய கிரைண்டர் இரண்டைத் தவணையில் வாங்கிப் போட்டு, பகலில் வீட்டு வேலை, ராத்திரி பதினோரு மணி வரை மாவு என்று ஓட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டிலிருந்து புகார் போய், உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அக்கா அழுதபடி என் வீட்டுக்கு வந்தார். அதற்குள் ஒரு 'உதவி செய்கிறவர்' முளைத்து, "கடையை சீல் வைத்துவிடுவார்கள், ஒரு பத்தாயிரம் கொடுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பயமுறுத்தியிருக்கிறார். "முதலில் நோட்டீஸில் என்ன எழுதியிருக்கு, படிங்கக்கா" என்றேன். மூடச் சொல்லவே இல்லை! அனுமதி இல்லாமல் இயந்திரம் வைத்துத் தொழில் செய்வதற்கு விளக்கம்தான் கேட்டிருந்தார்கள்.

இரண்டு பேரும் போனோம். மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி, அலம்புகிற தண்ணீர் எங்கே போகிறது, எத்தனை மணி வரை ஓட்டுகிறீர்கள், கரண்ட் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால், எதிர்வீட்டுப் பெண்ணின் தலைவலியும் இதே நாலு விஷயம்தான். அக்காவின் மாவு அவளுக்கு எதிரியில்லை. இரைச்சலும், வாசல் சாக்கடையில் புளித்து நாறிய கழுநீரும், அதில் மொய்த்த கொசுவும்தான் எதிரி.

சத்தத்துக்குக் கணக்கு இருக்கிறது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. கடைத்தெருவுக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. நாம் இருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே கிட்டத்தட்ட 60 வந்துவிடும் என்கிறார்கள். அப்படியென்றால் ராத்திரி பதினோரு மணிக்குக் கடகடவென்று இரண்டு கிரைண்டர் ஓடினால் பச்சைக் குழந்தை எப்படித் தூங்கும்? தாய்க்குத் தூக்கமில்லாவிட்டால் உடம்பு என்ன ஆகும்?

கரண்ட் விஷயம் இன்னும் முக்கியம். வீட்டுக்குத் தரும் நூறு யூனிட் இலவசம் வீட்டு உபயோகத்துக்குத்தான். வீட்டு இணைப்பிலிருந்தே வியாபாரத்துக்கு இழுத்து, சோதனையில் அகப்பட்டால், 2003 மின்சாரச் சட்டப்படி அந்த உபயோகத்துக்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட்டுத் தீட்டிவிடுவார்கள். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டண வகை உண்டு. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே மின்வாரிய ஆபீஸில் கேட்டு எழுதி வாங்கிவிட்டால் மடியில் கனமில்லை. இட்லி மாவோ ஊறுகாயோ, உண்ணும் பொருள் எதை விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

அக்கா கிரைண்டரைப் பொதுச்சுவர் ஓரத்திலிருந்து பின்கட்டுக்கு மாற்றினார். அடியில் கனமான ரப்பர் விரிப்பு. கழுநீருக்குக் கொல்லையில் உறிஞ்சு குழி. இரவு ஒன்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை. தனி மீட்டரும் வந்தது, அனுமதியும் வந்தது. வருமானம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ராத்திரி ஷிப்டுக்காரர்களின் வியாபாரம் போய்விட்டதே! எதிர்வீட்டுப் பெண் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாவுக்கு மட்டும் மாமியாரை அனுப்புகிறாள்!

இதற்குப் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. அடுத்த சந்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒருவர் இரும்புச் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை போட்டார். தின்னர் நெடி! காயப்போட்ட துணியிலெல்லாம் பொடி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இருமத் தொடங்கின. பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். பட்டறைக்காரர் என்னிடம் நேரிலேயே கேட்டார்: "அந்தம்மா கிரைண்டர் போட்டால் கூடப் போய் அனுமதி வாங்கிக் கொடுக்கறீங்க. நான் பிழைக்கக் கூடாதாம்மா?"

"தாராளமா பிழையுங்க தம்பி. மாவு வாசனையில் யாருக்கும் நெஞ்சு அடைக்கிறதில்லையே" என்றேன். வெறும் வாய்ச்சாமர்த்தியமாக இதைச் சொல்லவில்லை. கெடுதலின் அளவைப் பார்த்துத் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தரம் பிரித்து வைத்திருக்கிறது. உலர்மாவு மில் பச்சையில் வருகிறது. தொழில் என்றாலே எல்லாம் ஒன்றல்ல. பட்டறை கடைசியில் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போனது. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று அவர் இன்னும் புலம்புகிறார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். காக்களூர் சிட்கோ மாதிரித் தொழிற்பேட்டைகளில் இவரைப் போன்ற ஓராள், ஈராள் பட்டறைகளுக்குக் குறைந்த வாடகையில் சின்னச் சின்ன ஷெட் கட்டிக் கொடுத்தால், ஏன் வீட்டுக்கு நடுவில் வந்து உட்காரப் போகிறார்கள்?

விதி இருந்தும் வருஷக்கணக்காகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டுத் திடீரென்று விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு டில்லியே சாட்சி. வீட்டுப் பகுதியில் நடக்கும் கடைகளைப் பூட்டி சீல் வைக்கச் சொல்லி 2006 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான கடைகளுக்கு ஆபத்து வந்தது. ஊரே கொந்தளித்து, அந்த செப்டம்பரில் சீலாம்பூரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்களும் போயின. அதன் பிறகு 2007 பிப்ரவரியில் வந்த புது மாஸ்டர் பிளானில், வீட்டின் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 215 சதுர அடிக்குள், சின்னக் கடைகளை அனுமதித்தார்கள். மளிகை, காய்கறி, தையல், அதோடு கோதுமை அரைக்கும் 'ஆட்டா சக்கி'யும் அந்தப் பட்டியலில் உண்டு! நம் மாவு மில்லுக்கு அக்கா முறைதானே அது? ஜப்பானில் இன்னும் தாராளம். மிக அமைதியான வீட்டுப் பகுதியில்கூட, வீட்டோடு ஒட்டிய கடை 50 சதுர மீட்டருக்குள்ளும் வீட்டில் பாதிக்குக் குறைவாகவும் இருந்தால் தடை கிடையாது. இந்த மாதிரி இத்தனை சதுர அடி, இன்ன இன்ன வியாபாரம் என்று தெளிவாகத் தமிழில் எழுதி உள்ளாட்சி ஆபீஸ் வாசலில் ஒட்டிவிட்டால், 'உதவி செய்கிறவர்'களுக்கு வேலை இருக்காது.

வீடு இருப்பவர்கள் பாடு இப்படி. மனை வாங்கிக் கட்டப்போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் "சிப்காட் அருகில், கடை வைக்கவும் ஏற்றது" என்று விளம்பரப் பலகை வைக்காத வயல் கிடையாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட் தடை போட்டதும், 2017-ல் சர்க்கார் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் ஞாபகம் இருக்கும். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்கான திட்டம் அது. அங்கீகாரமில்லாத மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. அதில் கடைக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? 2022-ல் சென்னைப் பெருநகரின் எல்லையைத் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கமெல்லாம் சேர்த்து 5,904 சதுர கிலோ மீட்டராக விரித்திருக்கிறார்கள். முன்பு இருந்தது 1,189தான். ஆகவே இன்றைக்கு 'விவசாயம்' என்று இருக்கும் நிலத்துக்கு நாளைக்கு வேறு பெயர் வரலாம்.

நிலத்தின் உபயோகத்தை மாற்றக் கேட்டு யாராவது மனு போட்டால், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று பத்திரிகையில் அறிவிப்பு வரும். பொடி எழுத்தில் இருக்கும். ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

மனை பார்க்கப் போகும்போது பத்திரம், வில்லங்கச் சான்று கேட்பதோடு, "இந்த சர்வே எண் என்ன உபயோகத்தில் இருக்கிறது?" என்றும் கேளுங்கள். தரகர் வாயால் சொல்வது போதாது, சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். நம் மனைக்கு மட்டுமல்ல, ஒட்டியிருக்கும் நாலு பக்கத்துக்கும் பாருங்கள். பக்கத்து எண்ணில் 'தொழில்' என்று இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு, ராத்திரி ஷிப்ட் ஓடுகிற நேரத்தில் ஒரு தடவை அங்கே போய் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.