சமன் செய்வோம் வாரீர்!

வேதியியல் என்றதுமே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். அதிலும் "சமன்பாட்டைச் சமன் செய்க" என்று வினா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில், ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டைக் கேட்டிருந்தார்கள். இடப்பக்கம் ஹைட்ரஜன் அணு 2, ஆக்ஸிஜன் அணு 2. வலப்பக்கம் நீரில் ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜனோ 1 மட்டுமே. குறைந்ததை ஈடுகட்ட, நீரின் வாய்பாட்டில் ஆக்ஸிஜனுக்கு அடியில் சிறிய 2 ஒன்றைப் போட்டுவிட்டு மகிழ்ந்திருந்தேன். கிடைத்தது என்னவோ முட்டைதான்!

"நீ எழுதியது தண்ணீர் அன்று, புண்ணைக் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு. தாகம் என்று வருபவருக்கு இதையா கொடுப்பாய்?" என்று சிஸ்டர் கேட்டதும் வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அன்றுதான் பாடம் விளங்கியது.

அடியில் உள்ள எண், பொருள் இன்னதென்று காட்டுவது. அதைத் தொடக் கூடாது. முன்னால் இடும் எண், மூலக்கூறுகள் எத்தனை என்று காட்டுவது, அதையே மாற்றலாம். ஆகவே 2 மூலக்கூறு ஹைட்ரஜனும் 1 மூலக்கூறு ஆக்ஸிஜனும் சேர்ந்து 2 மூலக்கூறு நீராகும். எடையிலும் அப்படியே: 4 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்ஸிஜனும் 36 கிராம் நீரைத் தரும்.

ஏன் சமன் செய்ய வேண்டும்? வேதி மாற்றத்தில் அணுக்கள் இடம் மாறுகின்றனவே அன்றி, புதிதாகத் தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை. பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், மூடிய கலங்களில் பொருள்களைச் சூடாக்கி, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார். 1789-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பொருண்மை அழியா விதியை எடுத்துரைத்தார்.

இனி, சமையல் வாயுவிலுள்ள புரோப்பேனைப் பாருங்கள். அதன் ஒரு மூலக்கூற்றில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. முதலில் கார்பனை எண்ணுங்கள்: கார்பன் டை ஆக்சைடு 3. அடுத்து ஹைட்ரஜன்: நீர் 4. தனித்து நிற்கும் ஆக்ஸிஜனைக் கடைசியில் எண்ணுவதே எளிது. வலப்பக்கம் 6-உம் 4-உம் சேர்ந்து 10 அணுக்கள். எனவே இடப்பக்கம் 5 மூலக்கூறு ஆக்ஸிஜன் வேண்டும்.

இந்த 5 குறைந்தால், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். இதை வீட்டில் சொன்ன பிறகு, என் அம்மா மழைக்காலத்திலும் சமையலறைச் சன்னலைச் சாத்துவதில்லை!

தோழியரே, சமன்பாடு மனப்பாடம் செய்வதற்கன்று, எண்ணிப் பார்ப்பதற்கே. இரு பக்கமும் எண்ணிப் பார்த்த பின்பே பேனாவைக் கீழே வையுங்கள். முட்டை உங்களை அணுகாது!